ஓசூர்ல இருந்து இதழியல் எம்.ஏ.: படிக்கலாமா, எங்கே படிக்கலாம், எதுக்குப் படிக்கணும்?

(ஒலி எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சு நடை முடிந்தவரை அப்படியே விடப்பட்டுள்ளது.)

இந்த எபிசோட் ஒரு குரல் பதிவுல இருந்து தொடங்குது.

பாகலூர் பக்கத்துல இருந்து ஒரு தங்கச்சி அனுப்பியிருந்தாங்க. "அண்ணா, நான் பி.காம். முடிச்சிட்டேன். இப்போ சிப்காட்ல ஒரு கம்பெனியில அக்கவுண்ட்ஸ் பார்க்குறேன். எனக்கு ரிப்போர்ட்டர் ஆகணும்னு ஆசை. ஜர்னலிசம் எம்.ஏ. பண்ணலாமான்னு வீட்ல கேட்டேன். 'அந்த ரெண்டு வருஷம் வேலைக்குப் போனா உன் தம்பி படிப்புக்கு ஆகும்மா'ன்னு அப்பா சொல்றாரு. அவர் சொல்றதும் நியாயமாத்தான் படுது. அந்தப் படிப்பு அவ்வளவு பெறுமா அண்ணா?"

இந்தக் கேள்வியை அப்பா பக்கமும் நின்னு பார்க்கணும், தங்கச்சி பக்கமும் நின்னு பார்க்கணும். நானும் இங்கே மூணு வருஷம் ஷிப்ட் பார்த்துட்டு, அப்புறம் போய் இதழியல் எம்.ஏ. படிச்சவன்தான். அதனால தெரிஞ்சதை மறைக்காம சொல்றேன்.

படிக்காமலே ஆக முடியாதா?

ஆகலாம். இதை முதல்லயே சொல்லிடணும். வக்கீலுக்கு, டாக்டருக்கு இருக்குற மாதிரி பத்திரிகையாளருக்குக் கட்டாயப் பட்டம்னு எதுவும் நம்ம நாட்டுல கிடையாது. தமிழ்ப் பத்திரிகை உலகத்துல பெரிய பெயர் எடுத்தவங்கள்ல பலர் இந்தப் படிப்பைப் படிச்சவங்க இல்ல.

நம்ம ஊர்லயே உதாரணம் இருக்கு. ஓசூர் பக்கத்துல தொரப்பள்ளியில 1878-ல பிறந்தவர் ராஜாஜி. ஓசூர்ல பள்ளிப் படிப்பு, அப்புறம் பெங்களூரு சென்ட்ரல் காலேஜ், அப்புறம் சென்னையில சட்டம். படிச்சது வக்கீல் படிப்பு. ஆனா காந்தி சிறையில இருந்தப்போ 'யங் இந்தியா'வை நடத்தினார். திருச்செங்கோடு ஆசிரமத்துல இருந்து மதுவிலக்குக்காக 'விமோசனம்'னு ஒரு பத்திரிகை கொண்டுவந்தார். அதுல கல்கியும் வேலை பார்த்தார். ரெண்டு பேருமே இதழியல் பட்டம் வாங்கினவங்க இல்ல.

"இந்த வேலையை வகுப்புல சொல்லித் தர முடியுமா?"ங்கிற சந்தேகமும் பழசுதான். அமெரிக்காவுல மிசௌரி பல்கலைக்கழகம் 1908-ல இதழியல் பள்ளி ஆரம்பிச்சது. பத்திரிகை அதிபர் ஜோசப் புலிட்சர், "பணம் தர்றேன், இதழியல் பள்ளி தொடங்குங்க"ன்னு கொலம்பியா பல்கலைக்கழகத்துகிட்ட கேட்டப்போ அவங்க உடனே ஒத்துக்கல. அவர் இறந்த பிறகு 1912-லதான் அது திறந்துச்சு. நம்ம பக்கம் 1941-ல லாகூர்ல பஞ்சாப் பல்கலைக்கழகம் தொடங்கிச்சு.

அப்போ பட்டம் இல்லாமலே ஆகலாம்னா, எதுக்கு ரெண்டு வருஷம்?

எம்.ஏ.ல நிஜமா என்ன கிடைக்குது

பாடத்திட்டம் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். ஆனா எலும்புக்கூடு ஏறக்குறைய ஒண்ணுதான். ரெண்டு வருஷம், நாலு செமஸ்டர். செய்தி எழுதுறது, எடிட்டிங், ஊடகச் சட்டமும் நெறிமுறையும், தொடர்பியல் கோட்பாடுகள், ஆய்வு முறை, வானொலி, டி.வி., டிஜிட்டல். நடுவுல ஒரு இன்டர்ன்ஷிப், கடைசியில ஒரு ஆய்வேடு.

கேட்க சப்பையா இருக்கும். எனக்கும் முதல் செமஸ்டர்ல அப்படித்தான் இருந்துச்சு. ரெண்டாவது செமஸ்டர்ல ஒரு பயிற்சி கொடுத்தாங்க. ஏதாவது ஒரு தொழிற்சாலை விபத்தைப் பத்தி 300 வார்த்தை எழுதணும். நான் லைன்ல நின்னவன், எனக்குத் தெரியாத விபத்தா? ஒரே மணி நேரத்துல எழுதிக் கொடுத்துட்டேன். "இயந்திரத்தில் சிக்கித் தொழிலாளி படுகாயம்."

ஆசிரியர் அதுல மூணு இடத்துல வட்டம் போட்டுத் திருப்பிக் கொடுத்தாரு. "எந்த மெஷின்? உனக்கு யார் சொன்னாங்க? அவங்களுக்கு எப்படித் தெரியும்?" மூணுக்கும் என்கிட்ட பதில் இல்ல. எல்லாமே டீக்கடையில கேட்டது. அந்தத் தொழிலாளி நிரந்தரமா, கான்ட்ராக்டா, பயிற்சியாளரான்னுகூட நான் கேட்கல. ஆனா இழப்பீட்டை யார்கிட்ட கேட்கணும், எந்தப் பதிவேட்டுல அவர் பேர் இருக்கும்ங்கிறதுக்கு அந்த ஒரு விஷயம்தான் முதல் படி. மூணு வருஷம் அதே மாதிரி லைன்ல நின்ன எனக்கே அந்தக் கேள்வி தோணல.

எனக்கு அந்தப் படிப்புல கிடைச்சது இதுதான். தெரிஞ்ச விஷயத்தை, நிரூபிக்கக்கூடிய விஷயமா மாத்துற பழக்கம். இதை ஒரு நல்ல செய்தி ஆசிரியர்கிட்ட வேலை பார்த்தும் கத்துக்கலாம். ஆனா இன்னிக்குப் பல செய்தி அறைகள்ல பக்கத்துல உட்கார வெச்சு வட்டம் போட்டுக் காட்ட யாருக்கும் நேரம் இல்ல. அந்த நேரத்தைத்தான் கட்டணம் கட்டி வாங்குறோம்.

நம்ம எல்லைப் பகுதிக்கு இது ஏன் முக்கியம்

2023-ல நடந்த ரெண்டு சம்பவத்தை எடுத்துக்குங்க.

ஜூலை 29, சனிக்கிழமை. கிருஷ்ணகிரி பழையபேட்டையில பட்டாசுக் குடோன் வெடிச்சு 9 பேர் இறந்தாங்க. பக்கத்துல இருந்த ஓட்டல்ல சிலிண்டர் வெடிச்சதுதான் காரணம்னு முதல்ல சொல்லப்பட்டது. அது சரிதானான்னு அப்புறம் பெரிய சர்ச்சை ஆச்சு.

சரியா பத்து வாரம் கழிச்சு, அக்டோபர் 7, அதுவும் சனிக்கிழமை. நம்ம எல்லையைத் தாண்டின உடனே இருக்குற அத்திப்பள்ளியில, தீபாவளிக்குச் சரக்கு இறக்கிட்டு இருந்த பட்டாசுக் கடையில தீ. மறுநாளுக்குள்ள 14 பேர் இறந்தது தெரிஞ்சது. சிகிச்சையில இருந்தவங்கள்லயும் சிலர் இறந்ததால எண்ணிக்கை இன்னும் கூடிச்சு. இறந்தவங்கள்ல பலர் தமிழ்நாட்டுப் பசங்க. பண்டிகை நேரத்துல நாலு காசு பார்க்கலாம்னு தருமபுரி மாதிரி மாவட்டங்கள்ல இருந்து வந்தவங்க.

இப்போ ஒரு நிருபரா யோசிங்க. கடை இருந்தது கர்நாடகாவுல. வேலை பார்த்த பசங்க தமிழ்நாடு. எஃப்.ஐ.ஆர். அத்திப்பள்ளி போலீஸ்ல, கன்னடத்துல. குடும்பங்கள் எல்லைக்கு இந்தப் பக்கம் கிராமத்துல. உரிமம் யார் கொடுத்தது? வெடிபொருள் சட்டம் 1884-ல வந்தது, இப்போ நடைமுறையில இருக்குற விதிகள் 2008-ல வந்தது. குறைஞ்ச அளவு பட்டாசு விக்கிற கடைக்கு மாவட்ட நிர்வாகமே உரிமம் கொடுக்கும். அளவு கூடினா 'பெசோ'ங்கிற மத்திய அமைப்புகிட்ட போகணும். அப்போ முதல் கேள்வி "எப்படித் தீப்பிடிச்சது?" இல்ல. "உரிமத்துல எத்தனை கிலோ எழுதியிருந்தது, உள்ள எத்தனை கிலோ இருந்தது?" இதைக் கேட்கத் தெரிஞ்சவங்க சம்பவம் நடக்குறதுக்கு முன்னாடியே கேட்டிருக்கலாம். கிருஷ்ணகிரியில ஜூலையில வெடிச்ச உடனே, எல்லைக்கு ரெண்டு பக்கமும் இருக்குற பட்டாசுக் கடைகளோட உரிமங்களை ஒருத்தர் எடுத்துப் பார்த்திருந்தா, அக்டோபருக்கு முன்னாடி ஒரு செய்தி வந்திருக்கும். அந்தச் செய்தி யாரையாவது காப்பாத்தியிருக்குமான்னு என்னால சொல்ல முடியாது. ஆனா அதிகாரிங்க பதில் சொல்ல வேண்டிய நிலைமை வந்திருக்கும்.

இன்னொண்ணு, கெலவரப்பள்ளி அணை. நந்தி மலையில பிறந்து பெங்களூரு ஓரமா வர்ற தென்பெண்ணை, நுரை பொங்க வந்து சேர்றதை நாம பல தடவை பார்த்திருக்கோம். ஒவ்வொரு தடவையும் செய்தி என்ன? "நுரை பொங்கியது, விவசாயிகள் வேதனை." அடுத்த வருஷமும் அதே தலைப்பு, வேற போட்டோ.

ஆய்வு முறை படிச்சவங்க வேற மாதிரி போவாங்க. தண்ணியில இருக்குற கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு ஆக்சிஜன் தேவைப்படுதுன்னு ஒரு அளவு இருக்கு, பி.ஓ.டி.ன்னு சொல்வாங்க. குளிக்கத் தகுதியான ஆத்துத் தண்ணின்னா அது லிட்டருக்கு 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாடு முழுக்க ஆறுகளோட அளவுகளை வெளியிடுது. அதை வருஷவாரியா வரிசைப்படுத்துங்க. அப்புறம் தமிழ்நாடு வாரியத்துக்கு ஒரு ஆர்.டி.ஐ., கர்நாடக வாரியத்துக்கு ஒரு ஆர்.டி.ஐ. ஒண்ணுக்கு 10 ரூபா, 30 நாள்ல பதில் வரணும். ரெண்டு மாநிலமும் ஒரே ஆத்தைப் பத்தி என்ன நம்பர் சொல்லுதுன்னு பக்கத்துல பக்கத்துல வெச்சா, அதுவே ஒரு செய்தி.

இந்த மாதிரி வேலைக்கு நம்ம ஊர் ஆளுக்கு ஒரு பெரிய வசதி இருக்கு. ஓசூர்ல வளர்ந்த பல பேருக்குத் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூணும் காதுல இருக்கு. சிலருக்கு உருதுவும். சென்னையில இருந்து வர்ற நிருபருக்கு இது கிடையாது. ஆனா நமக்குக் கன்னடம் பேச வரும், படிக்க வராது. எஃப்.ஐ.ஆர்.களைப் பதிவான 24 மணி நேரத்துக்குள்ள இணையத்துல போடணும்னு 2016-ல உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு, பாலியல் குற்றம் மாதிரி சில வழக்குகளைத் தவிர. அத்திப்பள்ளி எஃப்.ஐ.ஆர். உங்க போன்லயே கிடைக்கலாம். படிக்கத் தெரியணும், அவ்வளவுதான். எம்.ஏ. சேர்றீங்களோ இல்லையோ, கன்னட எழுத்தைக் கத்துக்குங்க. அதுக்குக் கட்டணம் எதுவும் இல்ல.

எம்.ஏ. வேற, டிப்ளமோ வேற

விண்ணப்பிக்கிறதுக்கு முன்னாடி பலர் குழம்புற இடம் இது.

பி.ஜி. டிப்ளமோன்னா பெரும்பாலும் ஒரு வருஷம். முழுக்கத் தொழில் பயிற்சி. சென்னையில இருக்குற ஏஷியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசம் கொடுக்குறது இதுதான். அந்தக் கல்லூரி 1994-ல பெங்களூருல ஆரம்பிச்சு, 2000-ல சென்னைக்கு வந்தது. தமிழ்நாடு அரசு 2025-ல சென்னையில தொடங்கின இதழியல் நிறுவனமும் பி.ஜி. டிப்ளமோதான்.

எம்.ஏ.ன்னா முதுகலைப் பட்டம். என்ன வித்தியாசம்? பின்னாடி நெட் எழுதணும், கல்லூரியில பாடம் எடுக்கணும், பிஎச்.டி. பண்ணணும்னா பட்டம் வேணும். நெட்டுக்கு முதுகலையில 55 சதவீதம், இட ஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்கு 50. டிப்ளமோ மட்டும் இருந்தா அந்தக் கதவு திறக்காது. நேரா செய்தி அறைக்குப் போறதுதான் குறின்னா டிப்ளமோ போதும், ஒரு வருஷம் மிச்சம். டெல்லியில 1965-ல தொடங்கின ஐ.ஐ.எம்.சி.கூட ரொம்ப காலம் டிப்ளமோதான் கொடுத்துட்டு இருந்தது. 2024-ல நிகர்நிலைப் பல்கலைக்கழக அந்தஸ்து வந்த பிறகுதான் பட்டம் கொடுக்க வழி கிடைச்சது.

ஓசூர்க்காரங்களுக்கு நாலு வழி

ஒண்ணு, சேலம். கிருஷ்ணகிரி மாவட்டம் பெரியார் பல்கலைக்கழகத்துக்குள்ளதான் வருது. அங்கே இதழியல் மற்றும் மக்கள் தொடர்பியல் துறை இருக்கு. பல்கலைக்கழகம் பெங்களூரு நெடுஞ்சாலையிலயே இருக்கறதால ஓசூர்ல சேலம் பஸ் ஏறினா ஊருக்குள்ள போகாமலே இறங்கிக்கலாம். சுமார் 150 கிலோமீட்டர், தினமும் போய் வர முடியாது. விடுதியில தங்கணும். அரசுப் பல்கலைக்கழகம்ங்கறதால செலவு தாங்கக்கூடிய அளவு. நம்ம இட ஒதுக்கீடு, உதவித்தொகை எல்லாம் செல்லும். பி.காம். படிச்சவங்களும் சேரலாம், இதழியல் இளங்கலை இருக்கணும்னு இல்ல.

ரெண்டு, பெங்களூரு. பக்கம். 40 கிலோமீட்டர். பல கல்லூரிகள்ல இந்த எம்.ஏ. இருக்கு, பெரிய ஊடக நிறுவனங்களும் இருக்கு. ஆனா பாடம் ஆங்கிலம், சில இடத்துல கன்னடம். நம்ம ஊர் பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் கர்நாடக மாநில ஒதுக்கீட்டுக்குச் செல்லாது. தனியார் கல்லூரின்னா கட்டணம் லட்சத்துல போகும். வீட்டுல இருந்தே போய் வரலாம்னு கணக்குப் போடுறவங்க, எலெக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு டிராபிக்ல தினமும் போற நேரத்தையும் அதுல சேர்த்துக்குங்க. இதழியல் மாணவருக்கு வகுப்பு முடிஞ்ச பிறகுதான் வெளிவேலை ஆரம்பிக்கும்.

மூணு, தூரமா போறது. சென்னைப் பல்கலைக்கழகம், மதுரை காமராசர், கோவை பாரதியார், நெல்லை மனோன்மணியம் சுந்தரனார், எல்லாத்துலயும் ஊடகத் துறை இருக்கு. திருவாரூர்ல மத்தியப் பல்கலைக்கழகம் இருக்கு. அங்கே சேர க்யூட் பி.ஜி. தேர்வு எழுதணும். கேள்வித்தாள் ஆங்கிலத்துலயும் இந்தியிலயும்தான் வரும். தமிழ் வழியில படிச்சவங்க அதுக்குத் தயாராகிப் போங்க.

நாலு, தொலைதூரக் கல்வி. இக்னோவுலயும் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துலயும் இதழியல் எம்.ஏ. இருக்கு. வேலையை விடாம படிக்கலாம். அந்த வருஷம் அந்தப் படிப்புக்கு யுஜிசி அனுமதி இருக்கான்னு யுஜிசி தளத்துல பார்த்துட்டுப் பணம் கட்டுங்க. இதுல பட்டம் கிடைக்கும். ஆனா பேப்பர்ல வட்டம் போட்டுக் கொடுக்குற ஆள் கிடைக்க மாட்டாரு. அதை நீங்களா தேடிக்கணும்.

காசு, வேலை: இனிப்பு தடவாம

அப்பா கேட்ட கேள்விக்கு வர்றேன். முடிச்ச உடனே நல்ல சம்பளமான்னா, பெரும்பாலும் இல்ல. தமிழ்ச் செய்தி ஊடகத்துல ஆரம்பச் சம்பளம், இப்போ அக்கவுண்ட்ஸ்ல வாங்குறதைவிடக் குறைவாக்கூட இருக்கலாம். மாவட்ட அளவுல செய்திக்கு இவ்வளவுன்னு பணம் கொடுக்குற பகுதிநேர ஏற்பாடுதான் பல இடத்துல. என் கூடப் படிச்சவங்கள்ல பாதிப் பேர் இப்போ செய்தியில இல்ல. விளம்பரம், கம்பெனிகளோட மக்கள் தொடர்பு, கன்டென்ட் எழுதுறதுன்னு போயிட்டாங்க. அதுவும் மரியாதையான வேலைதான், சம்பளமும் கூடுதல். ஆனா ரிப்போர்ட்டர் ஆகணும்னு போறவங்க இதைத் தெரிஞ்சுதான் போகணும்.

பட்டம் கொடுக்காத விஷயம் இன்னும் சிலது இருக்கு. துணிச்சல் கொடுக்காது. ஊர்ல ஆள் பழக்கம் கொடுக்காது. பயத்தை மட்டும் கொஞ்சம் குறைக்கும், ஏன்னா சட்டம் எங்கே நிக்குதுன்னு தெரிஞ்சிடும். அவதூறு வழக்குன்னு ஒருத்தர் மிரட்டினா, அது இப்போ பாரதிய நியாய சன்ஹிதாவுல 356-வது பிரிவு, உண்மையும் பொதுநலனும் அதுல விதிவிலக்குன்னு உங்களுக்குத் தெரியும். பாலியல் வன்முறையில பாதிக்கப்பட்டவங்களோட அடையாளத்தை வெளியிடறது குற்றம்னும் தெரியும். ரெண்டாவதைத் தெரியாம நம்ம ஊர்ல எத்தனை யூடியூப் சேனல் வீட்டு வாசலையே காட்டியிருக்கு, நீங்களே பார்த்திருப்பீங்க.

தங்கச்சிக்கு என் பதில்

உடனே வேலையை விடாதீங்க. அப்பாகிட்டயும் சண்டை போடாதீங்க. மூணு மாசம் எடுத்துக்குங்க. ஒரே ஒரு செய்தி பண்ணுங்க. கெலவரப்பள்ளியே எடுத்துக்குங்க, இல்லன்னா உங்க பாகலூர் ரோட்டையே எடுங்க. ரெண்டு ஆர்.டி.ஐ. போடுங்க. அஞ்சு பேர்கிட்ட பேசுங்க, அதுல ஒருத்தர் உங்க கருத்துக்கு எதிரா பேசுறவரா இருக்கட்டும். 800 வார்த்தை எழுதுங்க. எழுதினதுல ஒவ்வொரு வரிக்குப் பக்கத்துலயும் "எனக்கு யார் சொன்னாங்க? அவங்களுக்கு எப்படித் தெரியும்?"னு கேட்டுப் பாருங்க.

ஆர்.டி.ஐ. பதில் வராம இழுக்கும். மேல்முறையீடு போடணும். அதிகாரி நாளைக்கு வாங்கம்பாரு. அதெல்லாம் எரிச்சலா மட்டும் இருந்தா, இந்த வேலை உங்களுக்கு வேண்டாம். எரிச்சலோட சேர்த்து, "அந்த பேப்பர்ல என்னதான் இருக்கு?"ன்னு தூக்கம் வராம இருந்தா விண்ணப்பம் போடுங்க. தம்பி படிப்பு நிக்கக் கூடாதுன்னா தொலைதூரக் கல்வியில தொடங்கலாம். வீட்டுல ஒத்துக்கிட்டா சேலம் போங்க. கடன் வாங்கி லட்சக்கணக்குல கட்டணம் கட்டுற இடத்துக்கு, ஆரம்பச் சம்பளத்தை வெச்சு அந்தக் கடனை எத்தனை வருஷத்துல அடைக்க முடியும்னு எழுதிப் பார்க்காம போகாதீங்க. நீங்க பி.காம்., அந்தக் கணக்கு உங்களுக்கு என்னைவிட நல்லா வரும்.

அந்த பி.காம்.மைச் சாதாரணமா நினைக்காதீங்க. ஒரு கம்பெனி பேலன்ஸ் ஷீட்டைப் படிக்கத் தெரிஞ்ச நிருபர் எந்த மாவட்டத்துலயும் அரிது. இத்தனை தொழிற்சாலை இருக்குற நம்ம பகுதிக்கு அப்படி ஒருத்தர் கட்டாயம் வேணும்.

அப்பாகிட்ட அந்த 800 வார்த்தையைக் காட்டுங்க. படிச்சுட்டு அவர் என்ன சொன்னாருன்னு எனக்கு ஒரு குரல் பதிவு அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல ஆர்.டி.ஐ. விண்ணப்பத்தை எப்படி எழுதுறதுன்னு ஒவ்வொரு வரியா பார்க்கலாம்.